விவி வேடத்தில் சரித்ரா சந்திரன்: மாங்கா பாத்திரங்களுக்கு நிறம் உண்டா?

பனையோலை

‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானியப் படக்கதையை (மாங்கா) வைத்து நெட்ஃப்ளிக்ஸ் எடுக்கும் தொடரில் விவியாக சரித்ரா சந்திரன் நடிக்கிறார் என்று அறிவித்த நாளிலிருந்து ரசிகர் குழுக்களில் புகைச்சல் ஓயவில்லை. ‘பிரிட்ஜர்ட்டன்’ இரண்டாம் பருவத்தில் எட்வினாவாக வந்தவர், ஸ்காட்லாந்தில் பிறந்த தமிழ்ப் பெண். விவியின் தந்தை கோப்ரா மன்னராக செந்தில் ராமமூர்த்தி. ஜப்பானியக் கதையின் அரச குடும்பம் ஒன்றில் நமக்குப் பழகிய பெயர்கள் இரண்டு வந்திருக்கின்றனவே என்று ஆசையாகப் போய்ப் பார்த்தால், “விவிக்கு வெள்ளைத் தோல், நீல முடி. இவர் எப்படிப் பொருந்துவார்?” என்பதையே விதவிதமாக எழுதி நிரப்பியிருக்கிறார்கள். எழுதியவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

விவி அலபஸ்தா நாட்டு இளவரசி. அந்த நாடு முழுக்கப் பாலைவனம். காவல் வீரர்கள் இருவரில் ஒருவர் பருந்தாகவும் மற்றவர் குள்ளநரியாகவும் உருமாறுவார்கள். எகிப்தியக் கடவுள்களின் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். குடும்பப் பெயர் நெஃபர்தாரி. எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேஸின் பட்டத்தரசி பெயர் அது. இப்படி ஒரு நாட்டின் இளவரசி மாநிறமாக இருப்பதில் என்ன குறை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடற்காகம்

வம்புக்கு வரவில்லை, ஆனாலும் மறுபக்கத்தை ஒருவர் சொல்லியாக வேண்டும். ‘ஒன் பீஸ்’ மாங்காவை வரையும் எய்ச்சிரோ ஒடா தன் வண்ணப் பக்கங்களில் விவியை வெளிர் நிறத்தில்தான் தீட்டியிருக்கிறார். படைத்தவர் கையால் தீட்டிய படம் இருக்கும்போது நாம் ஏன் எகிப்துக்குப் போக வேண்டும்?

56ஆம் தொகுதியின் வாசகர் கேள்வி பதிலில், கதையின் கடற்கொள்ளையர்கள் நம் உலகத்தில் பிறந்திருந்தால் எந்த நாட்டவர் என்று ஒருவர் கேட்டதற்கு ஒடா பட்டியலே கொடுத்தார். நாயகன் லூஃபி பிரேசில், சோரோ ஜப்பான், நாமி சுவீடன், உசோப் ஆப்பிரிக்கா, சாஞ்சி பிரான்ஸ், ராபின் ரஷ்யா. தொடரும் ஏறக்குறைய அதை ஒட்டியே ஆள் எடுத்தது. சோரோவாக ஜப்பானிய நடிகர் சோனி சிபாவின் மகன் மக்கென்யூ, உசோப்பாக ஜமைக்க வம்சாவளியில் வந்த ஜேக்கப் ரொமேரோ, ராபினாக ரஷ்யாவில் பிறந்த லெரா அபோவா. லூஃபி மட்டும் பிரேசிலுக்குப் பதில் மெக்சிகோ. இன்யாகி கொதோய் அந்த வேடத்துக்கு அவ்வளவு பொருந்தியதால் யாரும் வாய் திறக்கவில்லை. படைப்பாளி சொன்னபடி செய்தார்கள், நன்றாக வந்தது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பரோட்டா மாஸ்டர்

நீல முடி உள்ள நடிகையை எந்த நாட்டில் தேடுவது என்றும் சொல்லிவிடுங்கள், கடற்காகம் அண்ணா. நானும் தேடிப் பார்க்கிறேன்.

மசிப்புட்டி

நான் படக்கதை வரைபவன். அதனால் வரைபவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய வார இதழ்கள் மலிவான தாளில் கறுப்பு மையால் அச்சாகின்றன. ஒரு தொடருக்கு வாரம் 20 பக்கங்களை ஒட்டி வரைய வேண்டும். அந்த வேகத்தில் முகம் என்பது என்ன? நாலு கோடுகளும் அவற்றுக்கு நடுவே மிச்சமாகும் காகிதமும்தான். தோலுக்கு யாரும் வண்ணம் தீட்டுவதில்லை. கறுத்த தோலைக் காட்ட வேண்டுமென்றால் புள்ளிகள் அச்சடித்த மெல்லிய ஒட்டுத்தாளைக் கட்டம் கட்டமாக ஒட்டி, ஓரங்களைக் கத்தியால் வெட்டியெடுக்க வேண்டும். அந்தப் பாத்திரம் வருகிற ஒவ்வொரு கட்டத்திலும் இதைச் செய்தாக வேண்டும். கணினி வந்த பிறகு வேலை குறைந்தது. ஆனால் பழக்கம் அதற்கு முன்பே ஊறிவிட்டது.

தலைமுடியும் அப்படித்தான். ஒரே வகுப்பறையில் இருக்கும் ஐந்து பெண்களை வாசகர் பிரித்தறிய ஒருத்திக்குக் கறுப்பு மை, ஒருத்திக்குப் புள்ளித்தாள், ஒருத்திக்கு வெற்றுத் தாள். வெற்றுத் தாள் வண்ண அட்டையில் மஞ்சளாக மாறும். ‘டிராகன் பால்’ கதையில் நாயகன் கோக்கு உச்ச வலிமை பெறும்போது முடி பொன்னிறமாகிறதே, அதற்கான காரணத்தை வரைந்த அகிரா தோரியாமாவே சொல்லியிருக்கிறார்: ஒவ்வொரு முறையும் அந்தத் தலையைக் கறுப்பு மையால் நிரப்புகிற வேலை உதவியாளருக்கு மிச்சம். இதைப் பார்த்து “வலிமை வந்தால் வெள்ளைக்காரனாகிவிடுகிறான்” என்று கட்டுரை எழுதியவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். வாசலில் போட்ட கோலத்து மயிலுக்கு வண்ணப்பொடி தூவவில்லை என்பதால் அதை வெள்ளை மயில் என்று சொல்வோமா?

ஜப்பானிய வாசகர் அந்த வெற்று முகத்தில் ஜப்பானியரைப் பார்க்கிறார். அமெரிக்க வாசகர் தன் ஊர்ப் பெரும்பான்மையைப் பார்க்கிறார். ‘சேலர் மூன்’ மாங்காவின் நாயகி உசாகி, தோக்கியோவின் அசாபு ஜூபன் பகுதியில் வசிக்கும் பள்ளி மாணவி, முடியோ மஞ்சள். 2003இல் ஜப்பானில் நடிகர்களை வைத்துத் தொலைக்காட்சித் தொடர் எடுத்தபோது, சாதாரணப் பெண்ணாக வரும்போது உசாகியாக நடித்த மியூ சவாயின் முடியைக் கறுப்பாகவே விட்டுவிட்டு, உருமாறிய பிறகு மட்டும் மஞ்சளாக்கினார்கள். வெற்றுத் தாளின் பொருள் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

கடற்காகம்

வெற்றுத் தாள் சரி. நான் சொன்னது வண்ணப் பக்கம். ஒடா வண்ணம் எடுத்துத் தீட்டும்போது தாளையோ மையையோ குறை சொல்ல முடியாது.

இரவாடி

மசிப்புட்டி சொல்வது உண்மை. ஆனால் இதே வாதத்தை ஹாலிவுட் எப்படிக் கையாண்டது என்பதையும் பாருங்கள். 2017இல் வந்த ‘கோஸ்ட் இன் த ஷெல்’. மசாமுனே ஷிரோவின் மாங்கா. நாயகி மோதோகோ குசனாகி. வேடம் ஸ்கார்லெட் ஜோஹான்சனுக்குப் போனது. எதிர்ப்பு மனுவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1995இல் இதை அனிமேஷன் படமாக எடுத்த மமோரு ஒஷி, அவள் உடலே செய்யப்பட்ட உடல், அதற்கு ஆசிய நடிகைதான் வேண்டும் என்பதற்கு அடிப்படை இல்லை என்றார். ஜப்பானிலும் பெரிய எதிர்ப்பு எழவில்லை.

ஜப்பானியர்களே கோபப்படவில்லை, மற்றவர்களுக்கு என்ன வந்தது என்று அன்றைக்குப் பலரும் கேட்டார்கள். கோபம் யாருடையது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். ஜப்பானில் இருப்பவர் தொலைக்காட்சியைத் திறந்தால் எல்லாம் ஜப்பானிய முகம். ஒரு வேடம் போனால் ஆயிரம் வேடம் மிச்சம். லாஸ் ஏஞ்சல்ஸில் நடிப்புத் தேர்வுக்கு அலையும் ஜப்பானிய அமெரிக்கப் பெண்ணுக்கு, ஆசியப் பெயரோடு ஒரு பெரிய படத்தின் நாயகி வேடம் எப்போதாவதுதான் வரும். வந்த ஒன்றும் கைமாறினால் வயிறு எரியாதா? 1937இல் ‘த குட் எர்த்’ படத்தில் சீன உழவனின் மனைவியாக நடித்த லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்கார் கிடைத்தது; ஹாலிவுட்டில் பெயர்பெற்ற சீன அமெரிக்க நடிகை ஆனா மே வாங் அந்த வேடத்துக்கு ஏங்கி ஏமாந்தார். 80 ஆண்டுகள் கழித்தும் அதே கதைதான்.

படத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். மிரா கில்லியன் என்ற பெயரில் உலவும் நாயகியின் மூளை உண்மையில் மோதோகோ என்ற ஜப்பானியப் பெண்ணுடையது. இயந்திர உடல்களைச் செய்யும் நிறுவனம் அவளைக் கடத்தி, நினைவை அழித்து, புதிய உடலில் வைத்திருக்கிறது. அந்த உடல் வெள்ளை. அவளோடு பிடிபட்ட ஹிதேயோவுக்கும் வெள்ளை உடல்தான். ஒரு நிறுவனம் தன் மிக உயர்ந்த உற்பத்திப் பொருளுக்கு ஏன் வெள்ளை உடலைத் தேர்ந்தெடுக்கிறது? இதைவிடக் கூர்மையான கேள்வி இந்தக் கதைக்குக் கிடைக்காது. மகளைப் பறிகொடுத்த தாயாக கவோரி மொமோய் வருகிறார். மகளின் அறையில் அந்த அந்நிய முகம் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காட்சியில் படம் கேள்வியின் வாசல்வரை போகிறது. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் துப்பாக்கிச் சண்டைக்குத் திரும்பிவிடுகிறது. எனக்கு நடிகர் தேர்வைவிட அந்தக் கோழைத்தனத்தின் மீதுதான் கோபம்.

பனையோலை

அதே 2017இல் வந்த ‘டெத் நோட்’ பற்றியும் சொல்லுங்கள் இரவாடி. மாங்காவின் நாயகன் லைட் யகாமியை லைட் டர்னர் ஆக்கி சியாட்டிலுக்குக் கொண்டுபோனார்களே.

இரவாடி

அதில் சொல்ல அதிகம் இல்லை. ஊரை மாற்றியது குற்றமில்லை. மாற்றிய ஊரில் கதை உயிரோடு இருக்க வேண்டும், இல்லை. ‘எல்’ என்ற துப்பறிவாளர் வேடத்தில் லக்கீத் ஸ்டான்ஃபீல்டு மட்டும் பார்க்கும்படி இருந்தார். ஒரு கறுப்பின நடிகர்.

பரோட்டா மாஸ்டர்

ஊரை மாற்றியும் சிறந்த படத்துக்குப் பெயர் ‘ஓல்டுபாய்’. மூலம் ஜப்பானிய மாங்கா. 2003இல் பார்க் சான்-வூக் கொரியாவுக்குக் கொண்டுபோனார், உலகமே வாயடைத்துப் பார்த்தது. “ஜப்பானிய நடிகர் எங்கே?” என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜப்பானியர்கள் தங்கள் பங்குக்குச் செய்வதையும் கணக்கில் எழுதுங்கள். ‘கிங்டம்’ மாங்கா சீனாவின் போரிடும் அரசுகள் காலத்துக் கதை. 2019இல் படம் வந்தது. சின் நாட்டு மன்னர் முதல் அடிமைச் சிறுவன் வரை எல்லாரும் ஜப்பானியர். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ ஐரோப்பா போன்ற ஒரு நாட்டில் நடக்கிறது. 2017இல் நடிகர்களின் முடிக்குச் சாயம் ஏற்றி, இத்தாலியில் சில காட்சிகளை எடுத்துவந்தார்கள். அண்ணன் தம்பி முதல் ராணுவத் தளபதி வரை தோக்கியோ முகங்கள். இதற்கெல்லாம் மனு போட யாரும் வரவில்லை.

தேன்சிட்டு

மாஸ்டர், அந்த வரிசையில் நான் மிகவும் ரசித்தது ‘தெர்மாய் ரோமாய்’. மாரி யமசாகியின் மாங்கா, 2012இல் படம். பழைய ரோமின் குளியலறைக் கட்டடக் கலைஞன் காலம் தாண்டி இன்றைய ஜப்பானின் பொதுக் குளியலறையில் வந்து எழுகிறான். அங்கே இருப்பவர்களைப் பார்த்து “தட்டை முகத்து இனம்” என்று மனத்துக்குள் முடிவுகட்டுகிறான். அந்த ரோமானியனாக நடித்தவர் ஹிரோஷி அபே, அசல் ஜப்பானியர்! கூர்மூக்கும் ஆழ்ந்த கண்ணும் உள்ள ஜப்பானிய நடிகர்களாகத் தேடிப் பிடித்து ரோமானியர்களாக நிறுத்தினார்கள். ஹேட்ரியன் பேரரசர் உட்பட. படப்பிடிப்பு ரோமின் சினெசித்தா அரங்கில். கூட்டத்தில் நிற்பவர்கள் உண்மையான ஐரோப்பியர்கள், நடுவில் நிற்கிற மன்னர் ஜப்பானியர். முகத்தைப் பற்றிய தங்கள் தாழ்வு உணர்ச்சியையும் பெருமையையும் ஒருசேரக் கேலி செய்துகொள்ளத் தெரிந்த படம். யாரையும் புண்படுத்தாமல் சிரிக்கவைத்தது.

நான் யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். மசிப்புட்டியின் வெற்றுத் தாள் விளக்கத்தை ஏற்கிறேன். அதோடு நிறுத்திவிட்டால் ஜப்பானைக் குற்றமற்ற குழந்தையாக்கிவிடுவோம். இங்கே வெள்ளைத் தோல் மோகம் மேற்கிலிருந்து இறக்குமதியானதன்று. “வெள்ளை நிறம் ஏழு குறைகளை மறைக்கும்” என்று பழமொழியே இருக்கிறது. எடோ காலத்தில் (1603–1868), வெள்ளைக்காரரை ஓவியத்தில்கூடப் பார்த்திராத பெண்கள் முகம், கழுத்து, மார்பு வரை ஈயம் கலந்த வெண்பூச்சுப் பூசினார்கள். அந்த விருப்பம் தன் உயர்குடியைப் பார்த்து வந்தது. வயலில் வேகாத தோல் என்பது அதன் பொருள். ஐரோப்பியத் தோற்றத்தின் மீதான மயக்கம் பிறகு இதன் மேல் வந்து படிந்தது.

மாங்காவின் பெரிய கண்களுக்கு டிஸ்னியை மட்டும் காரணம் சொல்வார்கள். மாங்காவின் முன்னோடி ஒசாமு தெசுகா வளர்ந்தது தகராசுகா நகரில். அங்கே பெண்களே ஆண் வேடமும் போடும் இசை நாடகக் குழு புகழ்பெற்றது. அம்மா சிறுவனை அழைத்துப் போவார். அந்த மேடை ஒப்பனையின் மை தீட்டிய கண்ணும் விளக்கொளி மின்னும் பார்வையும் தெசுகாவின் ‘இளவரசி வீராங்கனை’ கதைக்குள் நேராக வந்தன. பிறகு 1972இல் ரியோகோ இகேதாவின் ‘வெர்சாய் ரோஜா’. ஆண் உடையில் மெய்க்காவல் படைத் தலைவியாக இருக்கும் ஆஸ்கார், பொன்னிற முடி, நட்சத்திரம் மின்னும் கண்கள். 1974இல் தகராசுகா குழுவே அதை மேடையேற்றிப் பெரும் வெற்றி கண்டது. ஜப்பானியப் பெண்கள் மஞ்சள் விக் வைத்துப் பிரெஞ்சுக்காரர்களாக நின்றார்கள்.

இதன் திரைப்படம்தான் சுவையான சங்கதி. 1979, இயக்குநர் ஜாக் தெமி, பிரெஞ்சுக்காரர். வெர்சாய் அரண்மனையிலேயே படப்பிடிப்பு, பேசுவது ஆங்கிலம், ஆஸ்காராக கத்ரியோனா மக்கோல் என்ற ஆங்கில நடிகை. பணம் ஜப்பானுடையது. புரவலர் யார் தெரியுமா? ஷிசெய்டோ, ஒப்பனைப் பொருள் நிறுவனம். அதே மக்கோலை வைத்து ஜப்பானில் உதட்டுச் சாயத்துக்கு விளம்பரம் ஓடியது. எந்த முகம் நடிக்க வேண்டும் என்பதில் கலை எவ்வளவு, கடை எவ்வளவு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

மசிப்புட்டி

அக்கா, உதட்டுச் சாயச் செய்தி எனக்குப் புதிது. நன்றி.

ஆனால் வரைபவன் மீது பழி மிகையாகப் போடக் கூடாது. சோம்பலும் நேரமின்மையும் பல முடிவுகளை எடுக்கின்றன.

தேன்சிட்டு

நேரமின்மையா? 2019 ஜனவரியில் நிஸ்ஸின் நூடுல்ஸ் விளம்பரம் வந்தது. ‘டென்னிஸ் இளவரசன்’ வரைந்த தகேஷி கொனோமியின் பாணியில் நவோமி ஒசாகா. ஹெய்ட்டியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர், முந்தைய ஆண்டு அமெரிக்க ஓப்பன் வென்றவர், உலகமே பார்த்த முகம். விளம்பரத்தில் அவர் தோல் வெளுத்து, சுருள் முடி தளர்ந்து, வேறு யாரோ போல இருந்தார். அது வண்ண அனிமேஷன், தம்பி. பழுப்பு வண்ணத்துக்கும் வெளிர் வண்ணத்துக்கும் செலவு ஒன்றுதான். கண்டனம் வந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. தன் நிறம் என்ன என்பது பார்த்தாலே தெரியும், அடுத்த முறை தன்னிடம் கேட்டுவிட்டு வரையலாம் என்ற பொருளில் ஒசாகா பேசினார்.

கடற்காகத்துக்குப் பிடித்த ‘ஒன் பீஸ்’ அனிமேயிலும் (மாங்காவின் அனிமேஷன் தொடர்) இது உண்டு. ராபின் பல ஆண்டுகள் மாநிறமாக வந்தார். கதையில் இரண்டு ஆண்டு தாவிய பிறகு, 2011 வாக்கில் திடீரென்று வெளுத்துவிட்டார். பாலைவனத்தில் வில்லியாக இருந்தபோது ஒரு நிறம், நாயகன் கப்பலில் நிலையான இடம் கிடைத்த பிறகு இன்னொரு நிறம்.

கடற்காகம்

ராபின் விஷயத்தில் அனிமே நிறுவனம்தான் மாநிறமாக்கியது. ஒடாவின் வண்ணப் பக்கங்களில் அவர் முன்பே வெளிர் நிறம்தான். அவர்கள் மூலத்துக்குத் திரும்பினார்கள், அவ்வளவே. உங்கள் எடுத்துக்காட்டு என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது.

பனையோலை

பல ஆண்டுகள் மாநிற ராபினைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ராபின்தானே மூலம், கடற்காகம்? நம் வீட்டில் நிறத்தைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சரித்ராவே சிறுவயதில் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இங்கே 2020இல் முகப்பூச்சு ஒன்று தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்ததே தவிர, சந்தையிலிருந்து போகவில்லை. கோலிவுட்டில் கதாநாயகிகளை எங்கிருந்து கொண்டுவருகிறார்கள் என்று எடுத்தால்…

நெறியாளர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் ஓடியிருக்கிறது. இங்கே மாங்கா மட்டும்.

இரவாடி

சரி, ஜப்பானுக்குள்ளேயே இருப்போம். இதுவரை எல்லாரும் ஜப்பானியர் ஒரு பக்கம், வெள்ளைக்காரர் ஒரு பக்கம் என்றே பேசிவிட்டோம். ஜப்பானுக்குள் வேடம் கிடைக்காதவர் யார்?

சதோரு நோதாவின் ‘கோல்டன் கமுய்’. ருஷ்ய–ஜப்பானியப் போர் (1904–05) முடிந்த காலம், ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைதோ. போரிலிருந்து திரும்பிய சுகிமோதோவும் அஷிர்பா என்ற, அந்தத் தீவின் தொல்குடியான அய்னு இனச் சிறுமியும் தங்கத்தைத் தேடிப் போகிறார்கள். வேட்டை, சமையல், சடங்கு என்று அய்னு வாழ்க்கையை இவ்வளவு மரியாதையோடு காட்டிய மாங்காவை நான் வேறு படித்ததில்லை. அய்னு மொழி அறிஞர் ஹிரோஷி நாககாவா மேற்பார்வை பார்த்தார். அய்னு மக்களைத் தொல்குடி என்று சட்டத்தில் எழுதவே ஜப்பானுக்கு 2019 வரை ஆயிற்று. அதற்கு முன் நிலம் போனது, மொழி பள்ளியில் நசுக்கப்பட்டது, பெண்கள் வாயைச் சுற்றிக் குத்திக்கொள்ளும் பச்சைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மெய்ஜி அரசு தடை போட்டது. அழகு என்று ஒரு மக்கள் கருதியதை அரசே குற்றமாக்கியது என்றால் அந்த வடு எத்தனை தலைமுறை இருக்கும்?

2024 ஜனவரியில் படம் வந்தது. அஷிர்பாவாக நடித்தவர் அன்னா யமதா, அய்னு அல்லர். அய்னுப் பண்பாட்டு மேற்பார்வைக்கு தெபோ அகிபே என்ற அய்னு கலைஞர் இருந்தார். அவரே ஒரு சிறு வேடத்திலும் வருகிறார். உடை, கத்தி, குடிசை எல்லாம் கவனமாகச் செய்தார்கள். யமதா அய்னுச் சொற்களைப் பழகிப் பேசினார். முகம் மட்டும் தோக்கியோவிலிருந்து வந்தது. சுகிமோதோ யார் என்று சொல்லத் தேவையில்லை.

பரோட்டா மாஸ்டர்

கென்டோ யமசாகி! ‘கிங்டம்’ நாயகனும் அவரே. மாங்கா படம் என்றால் அவர் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவார்கள் போலிருக்கிறது.

மசிப்புட்டி

கடற்காகம் அண்ணாவிடம் ஒரு கேள்வி. அஷிர்பாவுக்கு நோதா கொடுத்தது நீலக் கண். அவள் தந்தை போலந்துத் தந்தைக்கும் சகலின் தீவின் அய்னுத் தாய்க்கும் பிறந்தவர். “வரைந்தபடி” என்ற உங்கள் விதியைப் பிடித்தால் கண்ணாடி வில்லை வைத்து நீலக் கண்ணை உண்டாக்கிவிட்டால் போதும், எந்த இனத்தவர் நடிக்கிறார் என்பது கணக்கிலேயே வராது. படக்குழுவும் அந்த வழியில்தான் போனது. உங்களுக்கு அது சம்மதமா?

கடற்காகம்

சம்மதம் இல்லை. அய்னு என்பது உண்மையில் வாழும் மக்கள். அவர்கள் கதையைச் சொல்லிக் காசு பார்ப்பவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தேர்வு வைத்தாவது பார்த்திருக்க வேண்டும். அய்னு மக்கள் தொகை குறைவு, நடிகைகள் இல்லை என்பார்கள். கொதோயும் பெரிய நட்சத்திரமாக இருந்து லூஃபி ஆனவரல்லர். உலகம் முழுக்கத் தேடி எடுத்தார்கள். ஆனால் அலபஸ்தா என்று ஒரு நாடு இல்லை. இல்லாத நாட்டு மக்களுக்கு யாரும் அநீதி செய்ய முடியாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

தேன்சிட்டு

இல்லாத நாடுதான். அதைக் கட்ட எகிப்தின் அரசி பெயரும் கடவுள்களும் மணலும் வேண்டியிருந்தன. அவற்றைக் கொடுத்த ஊரின் தோல் மட்டும் வேண்டாமா? நாமியின் அக்கா நோஜிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். அனிமேயில் மாநிறம். தொடரில் தென்னாப்பிரிக்க நடிகை சியோமா உமேயலா நடித்தபோதும் இதே கூச்சல் எழுந்தது. அங்கே நிறம் ஏறக்குறைய ‘வரைந்தபடி’தான் இருந்தது. ஆகவே எல்லாரையும் உறுத்தியது மூலத்தை மீறியது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

கடற்காகம்

கூச்சலிட்டவர்களுக்கு நான் வக்கீல் இல்லை. நோஜிகோ தேர்வு எனக்குப் பிடித்திருந்தது என்று அப்போதே இந்தத் தளத்தில் எழுதியிருக்கிறேன், தேடிப் பாருங்கள். விவியைப் பொறுத்தவரை என் விதி மாறவில்லை. ஆனால் ஒடா தயாரிப்பில் இருக்கிறார், நடிகர் தேர்வில் அவர் சொல்லுக்கு எடை உண்டு. அவரே சரி என்ற பிறகு நான் வைத்திருக்கும் வண்ணப் பக்கத்தை அவரிடமே நீட்ட முடியுமா என்பதுதான் எனக்கு இப்போது தலைவலி.

பரோட்டா மாஸ்டர்

நீட்டுங்கள் அண்ணா. கேள்வி பதில் பகுதிக்கு வாசகர் கடிதம் இன்னும் வாங்குகிறார்கள்.